ஒரு மருத்துவச்சியின் வாழ்க்கையை எழுதப் போகிறீர்களா? களத்து நெல்லிலிருந்து தொடங்குங்கள்

கிராமத்து மருத்துவச்சி ஒருவரின் வாழ்க்கையை ஆதாரத்தோடு எழுதக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எடுத்துக்கொண்டது பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஓர் ஆற்றுப் பாசன ஊர். காலம் ஏறக்குறைய 1920 முதல் 1980 வரை. நெல்லும் பழஞ்சேலையும் கூலியாக வாங்கிக்கொண்டு கொல்லைப்புற வழியாக வீடுகளுக்குள் போய்வந்த ஒரு பெண், கடைசிக் காலத்தில் சொந்த மனையில் ஓட்டு வீடு கட்டி, மகளை நர்சம்மாவாகப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் அலைந்தேன். வழிகாட்ட ஒருவரும் இல்லை. வருஷங்கள் ஓடின. பயணம், நகல், தங்கல் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்குக் குறையாமல் கைக்காசு போனது. பின்வரும் விஷயங்களை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அவர் பெயர் அநேகமாக எந்தக் காகிதத்திலும் இருக்காது. பிறப்புப் பதிவேட்டில் இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். சென்னை மாகாணத்தில் 1899ஆம் வருஷச் சட்டப்படி கிராமங்களில் பிறப்பு இறப்பு எழுதினார்கள், எழுதியவர் கிராம முன்சீப். நான் புரட்டிய ஏடுகளில் தேதி, தகப்பன் பெயர், சாதி, ஆணா பெண்ணா என்பதுதான் இருந்தன. பல பதிவுகளில் குழந்தைக்கே பெயர் இல்லை, "ஆண்" என்றோ "பெண்" என்றோ ஒரு சொல்தான். 1969ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு வந்த படிவத்தில் பிரசவத்துக்கு எந்த வகை உதவி கிடைத்தது என்று ஒரு கேள்வி உண்டு. அதுவும் ஆஸ்பத்திரியா, டாக்டரோ நர்ஸோ பயிற்சி பெற்ற மருத்துவச்சியோ பார்த்தாரா, பரம்பரை மருத்துவச்சியா, உறவினரா என்று வகையைக் கேட்குமே தவிர ஆளின் பெயரைக் கேட்காது. ஆகவே "இன்ன மருத்துவச்சி பார்த்த பிரசவங்கள்" என்று தேடி நகல் கேட்டு மனுப்போட்டால் பணம்தான் போகும்.

அதே ஏட்டை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். ஒரு பத்து வருஷத்துக்கு ஊரில் நடந்த பிறப்புகளை எண்ணுங்கள், தெருவாரியாக, சாதிவாரியாகப் பிரியுங்கள். பக்கத்தில் இறப்பு ஏட்டை வைத்துக்கொண்டு, பிறந்து நாலு நாளிலிருந்து பதினாலு நாளுக்குள் இறந்த குழந்தைகளையும், பிரசவமான மாதத்துக்குள் இறந்த தாய்மார்களையும் தனியாகக் குறியுங்கள். இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன். ஒரு எச்சரிக்கை: சேரிப் பிறப்புகள் நிறைய விடுபட்டிருக்கும், பெண் குழந்தைகளும் குறைவாகவே ஏறியிருக்கும். ஏட்டில் இல்லாதது ஊரில் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதானால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஊர், வருஷம், பதிவேட்டின் பெயர் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். மொத்தமாகக் கேட்டால் "தகவல் இல்லை" என்று ஒற்றை வரிப் பதில் வரும். எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து அப்படித்தான் வந்தது. அதே ஏடு இன்னொரு மேசையில் இருந்ததை ஓய்வுபெற்ற ஒரு எழுத்தர் சொல்லித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. 1980இல் பரம்பரை கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோது பல ஊர்க் கணக்குகள் கைமாறாமல் நின்றுவிட்டன. பழைய கர்ணம், மணியகாரர் குடும்பங்களைப் போய்ப் பாருங்கள். பரணில் இருந்தாலும் இருக்கும்.

பழைய ஏடுகளில் பசலி ஆண்டு வரும், அது ஜூலையில் தொடங்கும் வரிக் கணக்கு வருஷம். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருஷம். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. பேட்டி கொடுக்கிறவர்களோ தமிழ் வருஷத்தில் பேசுவார்கள். அது 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருவது. "தாது வருஷம்" என்றால் 1876–77ஆ, 1936–37ஆ என்று கூட ஒரு நிகழ்ச்சியை வைத்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். மேட்டூர் அணை 1934இல் திறந்தது டெல்டாவில் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம். அதற்கு முன்னா பின்னா என்று கேட்டாலே பாதி சந்தேகம் தீரும்.

அடுத்தது சாதிப் பெயர். தமிழ்க் கிராமங்களில் குடியானவர் வீடுகளுக்கும் அதற்கு மேலே இருந்த வீடுகளுக்கும் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்கள். கணவன் சவரம், சிறு வைத்தியம், ரண வைத்தியம் பார்ப்பார், மனைவி மருத்துவச்சி. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் முதலாவதில் இந்தச் செய்தி இருக்கிறது. ஆனால் இந்தச் சமூகத்தை ஒவ்வொரு ஏடும் ஒவ்வொரு பெயரில் எழுதும்: அம்பட்டன், நாவிதன், பண்டிதர், பரியாரி, மருத்துவர், வைத்தியர். ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் குடும்பமே இல்லாததுபோலத் தோன்றும். இவற்றில் முதல் பெயர் இன்று வசவாகப் புழங்குகிறது. பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டும் இடம் தவிர வேறெங்கும் எழுதாதீர்கள், பேட்டியில் தவறியும் சொல்லாதீர்கள். மருத்துவர் சமூகம் என்று சொல்வதுதான் அவர்களுக்கும் நமக்கும் மரியாதை.

மருத்துவச்சிக்கு நெருக்கமாக வரும் ஆவணம் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். 1858இல் இனாம் கமிஷன் அமைந்த பிறகு ஊர் ஊராக மானிய நிலங்களை விசாரித்து எழுதினார்கள். நாவிதர், வண்ணார், தச்சர், கொல்லர் போன்ற ஊழியக்காரர்களுக்கு மானியம் இருந்த ஊர்களில் அது தனி இனமாகப் பதிவாகியிருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தாலுகா, கிராமம் சொல்லிக் கேட்க வேண்டும். போவதற்கு முன் கிராமத்தின் பழைய பெயரையும் அந்தக் காலத்துத் தாலுகாவையும் கண்டுபிடித்துக்கொண்டு போங்கள். இன்றைய தாலுகா பெயரை வைத்துத் தேடினால் நாள் முழுக்க வீணாகும். நிலம் கணவன் அல்லது மாமனார் பெயரில்தான் இருக்கும். சவரத்துக்கும் பிரசவத்துக்கும் சேர்த்து ஒரே மானியம், ஒரே ஆண் பெயர். பாதி வேலையைச் செய்த பெண் அங்கேயே மறைந்துபோகிறார். 1963ஆம் வருஷச் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தின்போது அந்த நிலத்துக்குப் பட்டா கிடைத்ததா, அதற்குள் அடமானத்தில் போய்விட்டதா என்று பாருங்கள். குடும்பம் மேலே வந்ததா இல்லையா என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மக்கள்தொகைக் கணக்கில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வீட்டுவாரித் தாள்கள் கிடைக்காது, தொகுப்பு அட்டவணைதான். பழைய தொழில் அட்டவணைகளில் மருத்துவச்சிகளை அம்மை குத்துகிறவர், கம்பவுண்டர், நர்ஸ் ஆகியோரோடு ஒரே வரிசையில் போட்டுவிட்டார்கள். 1951 முதல் வந்த மாவட்டக் கையேடுகளில் ஊர்வாரி ஜனத்தொகை இருக்கிறது, அது போதும்.

இனி ஜனத்தொகையை வைத்து என்ன செய்வது என்று சொல்கிறேன். 1950க்கு முன் நம் நாட்டில் ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 40க்கு மேல் பிறப்பு. 600 பேர் கொண்ட ஊர் என்றால் வருஷத்துக்கு 25 பிரசவம் என்று வையுங்கள். அதில் சேரியைக் கழித்தால் ஒரு மருத்துவச்சியின் கைக்கு வருவது இன்னும் குறையும். 40 வருஷம் வேலை பார்த்தாலும் ஒரே ஊரில் 1,000 பிரசவத்தைத் தாண்டுவது கடினம். "எங்க பாட்டி பத்தாயிரம் பிரசவம் பார்த்தவங்க" என்று குடும்பத்தில் சொல்வார்கள். மறுத்துப் பேச வேண்டாம், எத்தனை ஊருக்குப் போவார்கள் என்று கேளுங்கள். நாலைந்து ஊர் அவர் கையில் இருந்ததென்றால் அதுவே முக்கியமான செய்தி, வரும்படி எப்படிப் பெருகியது என்பதற்கு அதுதான் விடை.

இறப்புக் கணக்குக்கும் இதே மாதிரி ஒரு உரைகல் உண்டு. சர் ஜோசப் போர் (Bhore) தலைமையில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் கமிட்டியின் 1946ஆம் வருஷ அறிக்கை, ஆயிரம் பிரசவத்துக்கு ஏறக்குறைய 20 தாய்மார் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. நம் 600 பேர் ஊரில் அது இரண்டு வருஷத்துக்கு ஒரு தாய். "அவங்க கை பட்டா ஒரு உசிரு போனதில்லை" என்று சொல்லும்போது நெஞ்சு நெகிழும்தான், ஆனால் அப்படியே எழுதிவிடாதீர்கள். எந்த வீடுகளில் இறப்பு நடந்தது, அதற்குப் பிறகு அந்த வீட்டார் அவரைக் கூப்பிட்டார்களா, அந்த வருஷம் களத்தில் நெல் அளந்தார்களா என்று விசாரியுங்கள். ஒரு சாவு அவர் பிழைப்பை எப்படி உலுக்கியது என்பது அங்கே தெரியும்.

வேலையில் என்னென்ன தப்பும் என்று தெரியாமல் பேட்டிக்குப் போகவே கூடாது. சொல்கிறவர்கள் காரணத்தைச் சொல்ல மாட்டார்கள், அடையாளத்தைத்தான் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, ஒரு வாரம் ஆகும்போது வாயை மூடிக்கொண்டு, தொட்டாலே விறைத்து வில்லாக வளைந்து இறந்தது என்றால் அது பிறந்த குழந்தைக்கு வரும் ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். கருக்கரிவாளிலோ சவரக் கத்தியிலோ தொப்புள்கொடியை அறுத்து, அதன்மேல் சாம்பலோ சாணமோ வைத்ததால் வந்தது. ஊரில் அதைப் பட்சி தோஷம் என்பார்கள். இறப்பு ஏட்டில் நாலு முதல் பதினாலு நாள் குழந்தைகளைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். தாய்க்கு மூன்றாம் நாள் குளிர்க்காய்ச்சல் வந்து, பிதற்றி, ஒரு வாரத்தில் இறந்தால் அது பிரசவ ஜன்னி. கழுவாத கையை உள்ளே விட்டதால் ஏறிய விஷம் அது. நச்சுக்கொடி தாமதமாவது இன்னொரு கண்டம். பொறுத்திருந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் தானாகப் பிரிந்து வரும். பதறிப்போய்க் கொடியைப் பிடித்து இழுத்தால் கருப்பையே புரண்டு வெளியே வரும், இல்லையென்றால் உதிரம் கொட்டும். கூந்தலைத் தாயின் வாய்க்குள் விட்டுக் குமட்ட வைப்பதும் இதற்குச் செய்த உபாயம்தான். குமட்டும்போது வயிறு இறுகிக் கொடி கழலும் என்பது அவர்கள் கணக்கு. குறுக்கே கிடக்கும் பிள்ளைக்கு ஊரில் வழியே கிடையாது. மாட்டு வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்களா, எவ்வளவு நேரம் ஆனது, யார் வண்டி கொடுத்தார்கள் என்பதில்தான் உயிர் இருந்தது. மிராசுதார் வீட்டுக்கு வில்வண்டி அந்த நிமிஷமே கிளம்பும், பண்ணையாள் வீட்டுக்கு விடிந்த பிறகுதான். இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டம். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பிரசவத்தோடு வேலை முடியாது. தீட்டுக் கழிகிற வரைக்கும் தினமும் போய்த் தாய்க்கு வேது வைத்து, உடம்பு உருவி, வெந்நீர் வார்க்க வேண்டும். குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு உரைத்து உரைமருந்து கொடுக்க வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சி வெளியே விட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்த வழக்கமும் இதில் சேர்ந்ததுதான். அது குழந்தைக்குக் கெடுதல் என்று இன்று நமக்குத் தெரியும். இருந்ததை இருந்தபடி எழுதுங்கள். மறைக்கவும் வேண்டாம், அந்தப் பெண்ணைக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது மாமியார், மாமியாருக்கு அவர் மாமியார். படித்த டாக்டர்கள் அந்த ஊருக்குள் வரவே இல்லை.

தெருக் கணக்கு தெரியாமல் இந்த வாழ்க்கையை எழுத முடியாது. வெள்ளைத்தாளில் ஊரை வரைந்துகொள்ளுங்கள்: அக்ரகாரம், குடியானத் தெரு, ஊழியக்காரர் வீடுகள், வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் சேரி. எந்த வீட்டுக்கு மருத்துவச்சி எந்த வாசல் வழியாகப் போனார், எந்தக் கிணற்றில் கை கழுவினார், சாப்பாட்டை எதில் போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். பிரசவ நேரத்தில் பெண்ணின் உயிரே அவர் கையில். பிள்ளை பிறந்த பிறகு அவர் தொட்ட இடத்தைக் கழுவினார்கள். அவரோ சேரிக்குப் போக மாட்டார், போனால் குடியானத் தெரு வீடுகள் நின்றுபோகும். சேரியில் அவர்களுக்குள்ளேயே கைதேர்ந்த கிழவிகள் பார்த்தார்கள், அந்தக் கிழவிகளைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் இல்லை. உங்களுக்குச் சேரிப் பக்கம் ஒரு பெயர் கிடைத்தால், எடுத்துக்கொண்ட ஆளை விட்டுவிட்டாவது அதைப் பின்தொடருங்கள் என்று சொல்வேன்.

பேச்சு மரியாதையையும் அந்த வரைபடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அறுபது வயது மருத்துவச்சியை அக்ரகாரத்துப் பத்து வயதுப் பையன் "வா, போ" என்பான். அவர் அவனை "சாமி" என்பார், அவனைத் தரையில் ஏந்தியதே அவர் கையாக இருக்கும். இன்றும் அந்தத் தெருப் பெரியவர்கள் பாசமாகப் பேசும்போதுகூட "அவ ரொம்ப நல்லவ" என்றுதான் சொல்வார்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது இந்த ஒருமையைப் பன்மையாக்கித் திருத்திவிடாதீர்கள். ஊர் அவரை வைத்திருந்த இடத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. உங்கள் சொந்த எழுத்தில் மட்டும் "அவர்" என்றே எழுதுங்கள்.

இப்போது நெல்லுக்கு வருகிறேன். அவர் வறுமையிலிருந்து ஏறிய படி எது என்று தெரிய வேண்டுமானால் வரும்படியைக் கணக்குப் போடாமல் முடியாது. வரும்படி இரண்டு வகை. ஒன்று, சம்பா அறுவடையில் தை, மாசியில் களத்தில் அளக்கிற வருஷ நெல், அதற்குச் சுதந்திரம் என்று பெயர். இன்னொன்று, பிரசவத்துக்குப் பிரசவம் கிடைப்பது: அரிசி, எண்ணெய், வெற்றிலை பாக்கு, சேலை, சில்லறை. ஆண் பிள்ளைக்குக் கூட, பெண் பிள்ளைக்குக் குறைய. 80 குடியானவர் வீடு, வீட்டுக்கு ஒரு மரக்கால் என்று வையுங்கள். 12 மரக்கால் ஒரு கலம், ஆக 6 கலமும் 8 மரக்காலும். இரண்டு கலம் ஒரு மூட்டை, 60 கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின். மொத்தம் 200 கிலோ நெல், குத்தினால் 130 கிலோ அரிசி. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிலோ என்றால் இரண்டு மாதச் சாப்பாடு. கணவனின் சவரத்துக்கும் மனைவியின் பிரசவத்துக்கும் சேர்த்து இவ்வளவுதான். மீதிப் பத்து மாதம் எப்படி ஓடியது என்பதுதான் அந்தக் குடும்பத்தின் கதை. மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறும், எத்தனை படி மரக்கால் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மழை பொய்த்த வருஷம் அளந்தார்களா, மிராசுதாரின் காரியஸ்தர் அளக்கும்போது மரக்காலைத் தலைதட்டினாரா, குவித்து விட்டாரா என்றும் கேளுங்கள். காசுக் கணக்கில் 1957 ஏப்ரலுக்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி (பை) என்பதை மறக்க வேண்டாம்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. கைராசி எவ்வளவு இருந்தாலும் களத்து நெல்லை வைத்து ஒரு மருத்துவச்சி மேலே வர முடியாது. கூலியை நிர்ணயிப்பவரும் அளப்பவரும் ஒரே ஆள். உயர்த்திக் கேட்டால் மானியத்துக்கும் ஆபத்து, குடியிருக்கும் மனைக்கும் ஆபத்து. மேலே வந்த குடும்பங்களைப் பாருங்கள், ஊருக்கு வெளியிலிருந்து காசு வந்த இடத்தில்தான் ஏற்றம் தொடங்கியிருக்கும். எந்த வருஷம், எந்தக் கை வழியாக அந்தக் காசு வந்தது என்று தேடுங்கள்.

அந்தக் காசு சுலபமாக வந்துவிடவில்லை. சென்னையில் 1844இல் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கி, அதற்குப் பத்து வருஷத்தில் மருத்துவச்சிப் பயிற்சியும் ஆரம்பித்தது. 1885இல் பெண்களுக்கு மருத்துவ உதவி கிடைக்க டஃபரின் சீமாட்டி நிதி, 1903இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி. இரண்டாவது, பரம்பரை மருத்துவச்சிகளுக்கே பயிற்சி கொடுக்க வந்தது. 1926இல் சென்னை மாகாண நர்ஸ், மருத்துவச்சி பதிவுச் சட்டம், 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம். காகிதத்தில் வரிசை அழகாக இருக்கிறது. ஆனால் ஜில்லா போர்டு மிட்வைஃப் வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், சான்றிதழ் வேண்டும். கைநாட்டு வைக்கிற மருத்துவச்சிக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. போர்டு மிட்வைஃபாக வெளியூர்ப் பெண் வந்து சேர்ந்தால், அவர் எந்தத் தெருவில் குடியிருப்பார், சேரிக்குப் போய்விட்டு அக்ரகாரத்துக்கு வரலாமா என்று அங்கே வேறு சண்டை. போர் கமிட்டி கணக்கில் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்குமே பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் 5,000 பேர்தான். ஆகவே 1920, 30களின் அரசாணைகளில் உங்கள் ஆளைத் தேடி நாளைப் போக்காதீர்கள். ஜில்லா போர்டுகள் 1950களின் கடைசியில் ஒழிந்து பஞ்சாயத்து யூனியன்கள் வந்தபோது அந்தக் காகிதங்களும் சிதறிவிட்டன.

திருப்பம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று மகளோ மருமகளோ. 1950களில் ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ்-மிட்வைஃப் படிப்பு வந்தது. இரண்டு வருஷம், எட்டாம் வகுப்புப் படித்திருந்தால் போதும், பயிற்சியின்போது உதவித்தொகை. நெல்லுக்கு வேலை பார்த்த வீட்டில் முதல் மாதச் சம்பளம் வந்தது அங்கேதான். அந்தப் பெண் எட்டாவது வரை படிக்க யார் விட்டார்கள், புத்தகத்துக்கு எதை விற்றார்கள் என்று கேளுங்கள். இன்னொன்று, 1977க்குப் பிறகு கிராமச் சுகாதாரத் திட்டத்தில் பரம்பரை மருத்துவச்சிகளுக்கு வந்த தாயம்மா (dai) பயிற்சி: 30 வேலை நாள், 300 ரூபாய் உதவித்தொகை. வாரத்தில் இரண்டு நாள் ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ துணை நிலையத்திலோ பாடம், மற்ற நாள் நர்சம்மாவோடு ஊர் சுற்றல். அவர் மேற்பார்வையில் குறைந்தது இரண்டு பிரசவம் பார்க்க வேண்டும். முடிந்ததும் சான்றிதழும் ஒரு பெட்டியும். பிறகு நிலையத்தில் பதிவான ஒவ்வொரு பிரசவத்துக்கும் 10 ரூபாய், குழந்தையைப் பதிந்தால் 3 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் மிராசுதாரைக் கேட்காமல் கைக்கு வந்த காசு, பெயர் போட்டு வந்த சான்றிதழ். அதுவரை எந்த ஏட்டிலும் இல்லாத பெயர் முதல்முறையாக ஏறியது துணை சுகாதார நிலையத்தின் அந்தப் பதிவில்தான்.

பயிற்சி உண்மையில் கையில் இறங்கியதா என்பதைச் சோதிக்கக் கேள்விகள் இருக்கின்றன. நகம் வெட்டிச் சோப்புப் போட்டுக் கை கழுவினாரா, கழுவித் துவைத்த துணியை விரித்தாரா, கத்தரியையும் நூலையும் 20 நிமிஷம் கொதிக்க வைத்தாரா அல்லது பிரிக்காத புதுப் பிளேடு எடுத்தாரா, தொப்புளில் ஒன்றும் வைக்காமல் விட்டாரா, நச்சுக்கொடி அரை மணி தாண்டியதும் வண்டிக்கு ஆள் அனுப்பினாரா. பிறப்பு இறப்பு ஏட்டில் நீங்கள் குறித்துவைத்த ஒரு வாரக் குழந்தை இறப்புகள் அந்த வருஷத்துக்குப் பிறகு குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு ரண ஜன்னித் தடுப்பூசி பரவியதும் ஏறக்குறைய அதே காலம்தான், முழுப் பெருமையையும் பயிற்சிக்கே கொடுத்துவிட வேண்டாம். இந்தியாவில் தாய் சேய் ரண ஜன்னி ஒழிந்ததாக 2015இல்தான் அறிவிக்க முடிந்தது.

கடைசியாக, பேட்டி. எனக்கு அதிகம் வலித்தது இங்கேதான். பேரன்கள் நல்ல வேலையில் இருப்பார்கள், பாட்டியின் தொழிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்று கதவைச் சாத்துவார்கள். அவர்கள் மேல் கோபப்பட நமக்கு உரிமையில்லை. ஊர்ப்பெயரையும் ஆள் பெயரையும் மாற்றி எழுதுவதாக முதலிலேயே சொல்லுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டி, வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள். பெண் பேசும்போது ஆண்கள் இல்லாத நேரமாகப் பாருங்கள், கூட ஒரு பெண் வரட்டும். "எத்தனை பிரசவம் பார்த்தீங்க பாட்டி?" என்று ஆரம்பித்தால் பெருமையோ கூச்சமோ வந்து பேச்சு நின்றுவிடும். "அறுப்புக்குக் களத்துக்குப் போவீங்களா? யார் வீட்டுல எவ்வளவு அளந்தாங்க?" என்று ஆரம்பியுங்கள். ஒவ்வொரு வீட்டு நெல்லையும் சொல்லும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் தானாக வரிசையில் வருவார்கள், எது எந்த வருஷம் பிறந்தது, எது தங்கவில்லை என்பது வரை. பிள்ளை பெற்ற பெண்களையும் கேளுங்கள், முக்கியமாகக் குடியானத் தெருவிலும் சேரியிலும். 30 நாள் பயிற்சிக்கு 1978 வாக்கில் போனவர்கள் இன்று 80ஐ நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். ஆவணக் காப்பகம் எங்கும் போய்விடாது, முதலில் அவர்களைப் பாருங்கள். சான்றிதழ், பெட்டி, 10 ரூபாய் வாங்கிய சீட்டு எது இருந்தாலும் அங்கேயே போட்டோ எடுத்துவிட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள், ஒலிப்பதிவில் ஒரு பிரதியும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.